ஹாலுக்குக் கீழே ஒரு தொட்டி

செப்டிக் டேங்க் வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை என்று சொன்னால் எதிரில் இருப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கள் வீட்டுத் தொட்டியைப் பற்றிச் சந்தேகம் கேட்பார்கள். வீடு, கல்யாண மண்டபம், வடநாட்டுப் பிள்ளைகள் தங்கும் விடுதி என்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. எத்தனை பேர் புழங்குவார்கள், போர்வெல் கிணறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, மண் தண்ணீரை இழுக்குமா என்று பார்த்துப் படம் போட்டுத் தருவேன். இதில் உயிர் பயம் என்று ஒன்று வரும் என அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நான் நினைத்ததில்லை.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை செய்பவர் கூப்பிட்டிருந்தார். அப்பா காலம்வரை கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இவர் சம்பளத்தில் கட்டிய வீடு. மாடியில் அறைகள் போட்டு வாடகைக்கு விட வேண்டும், இருக்கிற தொட்டி தாங்குமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் போனபோது ஹாலில் ஜெபக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் ஜமக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

தொந்தரவு செய்யாமல் பின்பக்கம் போனோம். தொட்டி எங்கே என்று கேட்டேன்.

"ஹாலுக்குக் கீழ இருக்குது மேடம். மொதல்ல அது தோட்டம். அப்பால ஹால இஸ்து கட்டும்போது உள்ள பூட்ச்சி."

தொட்டியின் ஒரு ஓரம் மட்டும் பின்சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல்தான் மூடி. காற்றுக் குழாயைக் காணவில்லை. நாற்றம் ஜன்னலுக்கு வருகிறதென்று அறுத்து, வாயை அடைத்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு அப்போதே மனசுக்குள் ஏதோ உறுத்தியது. வெளியே போக வழியில்லாத தொட்டி வாயு கான்கிரீட்டை அரிக்கும். ஆனால் அரித்தால் எவ்வளவு அரிக்கும் என்று நான் கண்ணால் பார்த்ததில்லை.

இருவரும் மூடியை நகர்த்திவிட்டுத் தள்ளி நின்றோம். உள்ளே தலையை விடக் கூடாது. கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, போனை ஒரு கம்பில் கட்டி விளக்கைப் போட்டு இறக்குவது என் வழக்கம். அப்படிக் காத்திருக்கும்போதுதான் கேட்டது. தொட்டிக்குள்ளிருந்து பாட்டு வந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. கைதட்டல், வரிகள், நடுவில் ஒரு குழந்தையின் சிணுங்கல் எல்லாம் அந்தப் பள்ளத்திலிருந்து தெளிவாக ஏறி வந்தன. வீட்டு ஜன்னல் வழியாக வந்ததைவிடத் தெளிவாக. ஒரு கான்கிரீட் தளம் நடுவில் இருந்தால் இப்படிக் கேட்காது.

போனை இறக்கி எடுத்து வீடியோவைப் பார்த்தேன். தளத்தின் அடிப்பக்கம் என்று ஒன்று இல்லை. கான்கிரீட் மாவு மாவாக உதிர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் அறுந்து தொங்கின. பல இடங்களில் கம்பியே இல்லை. ஓரிடத்தில் வெள்ளையாகச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. அது ஹாலில் பதித்த டைல்ஸின் அடிப்பாகம் என்று விளங்க எனக்குச் சில நொடி ஆனது. அதன்மேல்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க ஊடா மேடம்?" என்றார். நான் தலையாட்டியதும் உள்ளே ஓடப் பார்த்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். இவர் போய்க் கத்தினால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவார்கள்.

வாசல் பக்கம் சுற்றி வந்து, சுவரை ஒட்டியே ஹாலுக்குள் போனேன். பின்சுவர் தவிர மற்றச் சுவரோரங்களில் கீழே மண்தான். நடுவில்தான் தொட்டி. கூட்டத்தை நடத்தும் அம்மாள் முன்வரிசை ஓரத்தில் இருந்தார். ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவர் என்று பிறகு தெரிந்தது. காதருகே குனிந்து, நடுவில் தரை இற்றுப்போயிருக்கிறது, ஒவ்வொருவராகச் சுவரோரமாக வெளியேற வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை. அந்த வரியை முடித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்:

"மிச்ச ஜெபத்த வெளிய மரத்தாண்ட வச்சிக்கலாம். நடுவுல மிதிக்காம, செவுத்தோரமா ஒவ்வொருத்தரா எந்திரிச்சி வாங்க."

போனார்கள். சிலர் பாடிக்கொண்டே போனார்கள். கைக்குழந்தைக்காரி எழுந்தபோது தரையில் ஏதோ நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. உண்மையில் கேட்டதா என்று இன்றும் தெரியாது.

கடைசியில் நடுவில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். வீட்டுக்காரரின் பெரியம்மா. கனத்த உடம்பு, மூட்டு வலி. இரண்டு பேர் தூக்கினால்தான் எழுவார். இரண்டு பேர் அங்கே போய் நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. அவரும் சும்மா இருக்காமல் ஒரு கையை ஊன்றி எழ முயன்றார்.

"எந்திரிக்காத பெரிம்மா, அப்டியே குந்திக்கினு இரு," என்றார் வாசலில் நின்ற வீட்டுக்காரர்.

ஜெபம் நடத்திய அம்மாள்தான் ஜமக்காளத்தின் ஒரு முனையைக் கையில் எடுத்தார். நான் இன்னொரு முனையைப் பிடித்தேன். சுவரோரம் நின்றபடி இருவரும் மெல்ல மெல்ல இழுத்தோம். பெரியம்மா உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு வந்தார். விஷயம் தெரியாததால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி, என்னத் தேர் மாதிரி இஸ்துகினு போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெரியம்மா சுவரைத் தொட்டதும் அவருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்து பார்த்தால் வீட்டுக்காரர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். அந்த டைல்ஸைத் தன் கையாலேயே பதித்தாராம். "எம் பொண்ணு தவழ்ந்ததே அதும்மேலதான்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் லாரி வந்து தொட்டியைக் காலி செய்தது. கொத்தனார் வாசல் பக்கம் நின்றபடி நீளக் கடப்பாரையால் ஒரு குத்துக் குத்தினார். ஒரே குத்துதான். ஹாலின் நடுப்பகுதி மொத்தமும் சரிந்து உள்ளே விழுந்தது. கொத்தனார் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் கேட்டார்.

பள்ளத்தை மணல் கொட்டி நிரப்பிப் புதிதாகத் தளம் போட்டார்கள். மாடி அறைகளுக்கும் சேர்த்து, கிழக்கே வெட்டவெளியில் ஒரு தொட்டிக்குப் படம் போட்டுக் கொண்டுபோனேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத வீட்டுக்காரரின் மனைவி படத்தை வாங்கிப் பார்த்தார். எது சமையலறை, எது வாசல், தொட்டி எந்தப் பக்கம் என்று விரல் வைத்துக் கேட்டார். தொட்டி கட்டி முடிந்ததும் அந்த மூடியின்மேல், கணவரிடம் சொல்லி, சிவப்புப் பெயிண்டில் எழுதவைத்தார்: இங்கே ரூம் கட்டக் கூடாது. நாங்க இல்லாத காலத்துல யாராச்சும் கட்டிட்டா இன்னா பண்றது மேடம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.