நெடுங்கேணியில் கார் பார்க்க வந்தவர்கள்

காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு நெடுங்கேணியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நான் முதலில் கண்டது ஒரு கயிறு. பாடசாலை மைதானத்தின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் கட்டிய புதுக் கயிறு. அதற்கு அந்தப் பக்கம் பத்துக் கார்கள் வரிசையாக நின்றன. இந்தப் பக்கம் நின்றவர்கள் இருநூறு பேர் இருக்கும். கயிற்றில் ஏழு சால்வைகளும் இரண்டு குடைகளும் ஒரு குழந்தையின் ஈரச் சட்டையும் தொங்கின.

கயிற்றைக் கட்டியது கொழும்பு மோட்டார்ப் பிரியர்களின் சங்கம் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை கார்களை ஓட்டிக்கொண்டு ஏதாவது ஓர் ஊருக்குப் போய், அவற்றை வரிசையில் நிறுத்தி, மற்றவர்களுக்குக் காட்டுவது அவர்களுடைய வழக்கம். அந்த வருடம் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நெடுங்கேணிக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஏழு கார்கள் அவர்களுடையவை. உள்ளூர் சார்பில் மூன்று கார்கள் சேர்க்கும்படி அந்தப் பகுதியின் அரசாங்க அதிகாரியான டி.ஆர்.ஓ. சொல்லியிருந்தார். நான் அப்போது ஒரு தினசரிக்கு வவுனியாவிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுக் கார் வருவது நின்றுபோயிருந்தது. டயர் வாங்கப் போனால், பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

பார்க்க வந்தவர்கள் அதிகம் விரும்பும் காருக்குப் பரிசு இரண்டு புது டயர்கள். வவுனியா வியாபாரி ஒருவர் கொடுத்தவை. சின்னக் காருக்குரிய அளவு. அவரிடம் மிச்சமிருந்தது அந்த அளவுதான். காகிதம் சுற்றிய நிலையில் அவை தலைமை வாத்தியாரின் மேசைமேல் கிடந்தன.

அந்த மேசையருகே ஒருவர் குனிந்து, காகிதத்தின் கிழிந்த இடத்தால் டயரில் இருந்த எண்ணை வாசித்துக்கொண்டிருந்தார். நெடுங்கேணியின் ஒரே வாடகைக் காரின் சொந்தக்காரரும் சாரதியும் அவர்தான். நாற்பது வயது இருக்கும். வரிசையின் கடைசியில் நின்ற சின்னக் கறுப்புக் கார் அவருடையது. பின் டயர் இரண்டிலும் நூல் தெரிந்தது. உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து ஓடிக்கொண்டிருந்தார்.

"என்ர அளவுதான்" என்றார். "இந்த ரண்டும் கிடைச்சா மாரியைத் தாண்டிடுவன். இல்லாட்டிக் காரைக் கொட்டிலுக்கை விட்டிட்டுக் குந்தியிருக்க வேண்டியதுதான். புளியங்குளம் றோட்டு மழைக்கு எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். அந்த வீதியால்தான் நெடுங்கேணி நோயாளிகள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பெரும்பாலும் அவருடைய காரில்.

கொழும்புக்காரர் முன் கூச்சமாக இருக்கும் என்று விடியற்காலையில் காரைக் கழுவி, மெழுகு இல்லாததால் தேங்காயெண்ணெய் பூசியிருந்தார். ஒன்பது மணிக்குள் மைதானத்துப் புழுதி முழுவதும் அதில் ஒட்டி, கறுப்புக் கார் மண்ணிறமாகியிருந்தது.

ஒன்பது மணிக்குச் சங்கத்தின் செயலாளர் விசில் ஊதினார். வெள்ளைக் காற்சட்டை போட்ட நெடிய மனிதர். பார்வையாளர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள் ஐந்தை ஆங்கிலத்தில் வாசித்தார். தலைமை வாத்தியார் தமிழில் சொன்னார். கார்களைக் கையால் தொடக்கூடாது. சாய்ந்து நிற்கக்கூடாது. கதவைத் திறக்கக்கூடாது. விலை கேட்கக்கூடாது. சொந்தக்காரருடன் மரியாதையாகப் பேசவேண்டும். பிறகு கயிற்றை அவிழ்த்தார்கள். சால்வைக்காரர் தங்கள் சால்வைகளைத் தேடி எடுக்கப் பத்து நிமிடம் சென்றது.

ஒழுங்குகளை எவரும் மீறவில்லை என்பதற்கு நான் சாட்சி. கையால் தொடக்கூடாது என்றதால் ஒரு பெரியவர் ஊன்றுதடியால் மட்காட்டைத் தட்டி, தலையைச் சரித்துச் சத்தத்தைக் கேட்டார். சாயக்கூடாது என்றதால் பலர் கார்களின் நிழலில் குந்தி இருந்து வெற்றிலை போட்டார்கள். விலை கேட்கக்கூடாது என்றதால் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். ஒரு சீமாட்டி, தனக்குச் சம்பளம் இல்லை, கணவருக்குத்தான் என்று பதில் சொன்னார். "அப்ப கார் ஆற்றை, உங்கடையோ அவற்றையோ?" என்று அடுத்த கேள்வி வந்தது.

கரைச்சல் ஐந்தாவது ஒழுங்கில் தொடங்கியது. மரியாதையாகப் பேசவேண்டும் என்பதை எங்கள் ஆட்கள் முழுமனதோடு ஏற்றுக்கொண்டார்கள்.

வன்னியில் ஒருவருடைய பால்மாட்டைப் பார்த்து "நல்ல மடி" என்று வாய்விட்டுச் சொன்னால், அடுத்த முறை அந்த வீட்டுப் படலை திறக்காது. கொழுத்த குழந்தையைத் தூக்குகிறவர் "என்ன, மெலிஞ்சு போச்சு" என்றுதான் தொடங்கவேண்டும். புகழ்ந்தால் நாவூறு படும், கண்ணேறு போல. குறை சொல்வதுதான் பண்பு. கொழும்புக்காரரின் பண்பு வேறு. அவர்கள் ஒருவர் காரை ஒருவர் சத்தமாகப் புகழ்ந்துவிட்டு, இரண்டு கார் தள்ளிப் போய் அதில் கறல் பிடித்த இடங்களைப் பற்றிப் பேசினார்கள்.

காலியிலிருந்து வந்த ஒரு பல் வைத்தியரின் பச்சை நிற அமெரிக்கக் கார் வரிசையில் மிகப் பெரியது. கண்ணாடி போல மினுங்கியது. வயல் செய்யும் ஒரு கமக்காரர் அதன்முன் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, வலு பழசு போலக் கிடக்கு. வழியிலை நிண்டுபோகாதோ?"

தலைமை வாத்தியார் நேர்மையானவர். அதை அப்படியே மொழிபெயர்த்தார். பல் வைத்தியரின் சிரிப்பு பாதியில் நின்றது.

இளநீலக் கார் வைத்திருந்த சீமாட்டியிடம் ஒருவர், "பிள்ளை, இந்த நிறம் வெய்யிலுக்கு நிக்காது" என்றார். இன்னொருவர், இருக்கை தாழ்வாக இருப்பதால் முதுகு பிடிக்கும் என்றும், அதற்கு நல்ல எண்ணெய் தன்னிடம் உண்டு என்றும் சொன்னார். பத்து மணிக்குள் ஏழு கொழும்புக் கார்களுக்கும் ஏழு விதமாக ஆறுதல் சொல்லியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் கார்களுக்குள் ஏறி இருந்து கண்ணாடிகளை உயர்த்திக்கொண்டார்கள்.

இனி வாக்கு. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள் என்று தலைமை வாத்தியார் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மைதான வாசலில் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு காரின் முன்னும் ஒரு மண்முட்டி இருந்தது. பிடித்த காரின் முட்டியில் கொட்டையைப் போடவேண்டும். கடைசியில் எண்ணும் வேலை எனக்கு. அங்கே காரும் இல்லாமல் ஊரும் இல்லாமல் நின்றவன் நான் ஒருவன்தான். ஏற்பாடு எளிமையானது. ஆனால் இருநூறு பேர் பார்க்க ஒரு காரின்முன் குனிந்து "இது எனக்குப் பிடித்திருக்கிறது" என்று காட்டவேண்டியிருந்தது.

வாடகைக் காருக்கு முன்னால் நல்ல கூட்டம். நான் அருகே போய் நின்றேன். ஐம்பது வயதான ஒரு பெண் காரைச் சுற்றி வந்தார். போன வருடம் அவருடைய மகளைப் பிள்ளைப்பேற்றுக்கு அந்தக் காரில்தான் கொண்டுபோனார்களாம்.

"என்ன தம்பி, ஒரே தூசியாக் கிடக்கு. புகையும் தள்ளும்."

"ஓமக்கா. கொட்டையைப் போடுங்கோவன்."

"சும்மா இரு. நான் போட்டு, ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா? பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆர் கொண்டுபோறது, உன்ர வாத்தியாரோ?"

"அக்கா, இதிலை ரண்டு டயர் கிடைக்கும்."

"டயர் கிடைச்சு? இஞ்சினுக்கு நாவூறு பட்டா டயரை என்ன செய்யிறது, தோசை சுடுறதோ?"

கூட்டம் சிரித்தது. அவர் கொட்டையைக் கையில் பொத்திக்கொண்டு வரிசை நீளத்துக்கு நடந்தார். ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் விரலால் காட்டி, தலைமை வாத்தியாரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்: இது எங்கே திரும்பிப் போகும்? கொழும்பு, கொழும்பு, நீர்கொழும்பு, கண்டி. பச்சைக் காரிடம் வந்தபோது காலி என்றார்கள்.

"காலி எங்கை கிடக்கு?"

"கொழும்புக்கும் அங்காலை."

அவர் கொட்டையைப் போட்டார். பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். தன் ஊரைப் பற்றி இத்தனை பேர் விசாரிப்பதைக் கண்ட பல் வைத்தியர் கண்ணாடியை இறக்கினார். அரை மணித்தியாலத்தில் அவருடைய முட்டி நிரம்பி, பக்கத்தில் ஒரு சிரட்டை வைக்கவேண்டியதாயிற்று.

வாடகைக் கார்ச் சாரதிக்கு இதை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவரும் அதே ஊர்தான். பதினொரு மணிக்கு மைதானத்தை விட்டுப் போனார். கால் மணித்தியாலத்தில் ஒரு பழைய செருப்போடு திரும்பி வந்தார். வழமையாக முன் பம்பரில் தொங்குவதாம். காலையில் கழுவும்போது கழற்றி வைத்துவிட்டார். அதைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"கட்டியாச்சு. இனி ஒரு பயமும் இல்லை. போடுங்கோ."

ஒருவர் குனிந்து பார்த்தார். "ஆற்றை செருப்பு?"

"மாமன்ர."

"உன்ர மாமன்ர எண்டா நாவூறென்ன, பேயும் கிட்ட வராது."

கொட்டைகள் விழத் தொடங்கின. காலையில் வாசலில் வாங்கிய கொட்டையை இன்னும் மடியில் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. தூரத்திலிருந்தும் வந்தார்கள். பச்சைக் காரில் ஏற்கெனவே போட்டுவிட்ட அந்தப் பெண், வாசலில் கொட்டை கொடுத்துக்கொண்டு நின்ற பாடசாலைப் பியோனிடம் சண்டைபிடித்து இன்னொரு கொட்டை வாங்கிக்கொண்டு வந்தார். இருபதுக்கு மேல் விழுந்திருக்கும். சாரதி ஒவ்வொருவரையும் கும்பிட்டார்.

கூட்டத்தைக் கண்டு செயலாளர் வந்தார். செருப்பைக் கண்டார்.

"இது என்ன?"

தலைமை வாத்தியார் விளக்கினார். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். காட்சிக் கார்களில் அலங்காரப் பொருள் எதுவும் தொங்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி என்றார்.

"அலங்காரம் இல்லை, ஐயா."

"அப்படியென்றால் அசுத்தம். அதற்கும் விதி இருக்கிறது."

மறுத்தால் காரை வரிசையிலிருந்து எடுக்கச் சொல்வார்கள் என்று தலைமை வாத்தியார் சாரதியின் காதில் சொன்னார். அவர் குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.

முதலில் வந்தவர் அந்தப் பெண்தான். முட்டிக்குள் கையை விட்டு, ஒரு கொட்டையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ரை இல்லை." இன்னொன்றை எடுத்தார். "இதுதான்." மற்றவர்களும் வரிசையாக வந்து அவரவர் கொட்டையை எடுத்தார்கள். தவறுதலாக இரண்டு எடுத்த ஒருவர், திரும்பி வந்து மற்றதை உரியவரிடம் கொடுத்தார். தள்ளுமுள்ளு இல்லை. போட்ட வாக்கைத் திருப்பி எடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறதா என்று செயலாளர் தன் கடதாசிகளைப் புரட்டினார். அப்படியொன்று இருக்கவில்லை.

நான் செயலாளரிடம் போய், இந்த மக்கள் இந்தக் காரைத்தான் விரும்புகிறார்கள், அதனால்தான் இதற்குப் போடவில்லை என்றேன். பத்திரிகைக்காரர் வெயிலில் அதிகம் நிற்கக்கூடாது என்றார் அவர்.

ஒரு மணிக்கு எண்ணினேன். பச்சைக் காரை மற்றக் கார் எதுவும் நெருங்கவில்லை. வாடகைக் காரின் முட்டியில் ஒரு கொட்டை இருந்தது. அது செயலாளரின் மனைவி போட்டது. சின்னக் கார் என்றால் அவருக்கு விருப்பமாம்.

பல் வைத்தியர் பேசினார். காலையில் தன் காரைக் குறை சொன்ன மக்களை அவர் தவறாக நினைத்துவிட்டாராம். அவர்களுடைய அன்பு ஆழமானது என்பது இப்போது புரிந்ததாம். கூட்டம் கைதட்டியது. பிறகு காகிதத்தை உரித்தார்கள். டயர்கள் அவருடைய காருக்கு மிகவும் சிறியவை.

தலைமை வாத்தியார் அவரைத் தனியே கூப்பிட்டு, உங்களுக்குப் பயன்படாதுதானே, இவருக்கு விற்கலாமா என்று கேட்டார். சாரதி இரண்டடி தள்ளி நின்றார். பல் வைத்தியர் கொஞ்சம் மனம் நொந்தார். மக்கள் மனமுவந்து தந்ததை அதே இடத்தில் வைத்து விற்பது மரியாதையில்லை என்றார். தன் வீட்டு முன்மண்டபத்தில் வைக்கப்போவதாகச் சொன்னார்.

டயர்களைப் பச்சைக் காரின் டிக்கிக்குள் தூக்கி வைத்தவர்களில் சாரதியும் ஒருவர். கார்கள் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பியதும் அந்தப் பெண் அவரிடம் வந்தார்.

"கவலைப்படாதை தம்பி. காருக்கு ஒண்டும் நடக்கேல்லையே, அது போதும்."

"ஓமக்கா" என்றார் அவர்.

என் செய்தி புதன்கிழமை இரண்டாம் பக்கத்தில் வந்தது. வன்னி மக்களின் விருந்தோம்பலைக் கொழும்பு மோட்டார்ப் பிரியர்கள் பாராட்டினார்கள் என்று தலைப்பு போட்டிருந்தார்கள்.

ஐப்பசி இரண்டாம் கிழமை மழை பிடித்தது. அந்த மாரி முழுவதும் நெடுங்கேணியிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் காலை பஸ்ஸில் போனார்கள்.