அக்கா பாடிக் காட்டிய ஆய்வு

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவர்களை நேசித்த உங்களோடு தம்பி என்ற உரிமையில் சில நினைவுகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

பசுவந்தனையில், மானாவாரி விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார்கள். ஆலயத்து ஆர்மோனியத்தைத் தாமாகவே பழகி, பள்ளிப் பருவத்திலேயே பாடகர் குழுவை நடத்தினார்கள். பின்பு இறையியல் கல்லூரியில் சேர்ந்து, வேதாகமத்திலுள்ள புலம்பல் சங்கீதங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். அழுது புலம்புகிறவர், எதுவுமே மாறாதபோது, அடுத்த வரியில் கடவுளை எப்படித் துதிக்கிறார் என்பதே கேள்வி. விடை இசையில் இருக்கிறது என்று எழுதினார்கள். “பாட்டு ஆராதனைக்கு. ஆய்வுக்கு ஆதாரம் வேண்டும்” என்று வழிகாட்டிப் பேராசிரியர் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஊருக்கு வந்த அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. படிப்பை விட்டுவிடுவார்களோ என்று அம்மா பயந்தார்கள். அவ்வாண்டு மழை இல்லை. விளாத்திகுளம் பக்கம் ஒரு சபையில் மழைக்காக உபவாச ஜெபம் வைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுக்க அக்காவை அழைத்தார்கள். புலம்பல் சங்கீதம் ஒன்றுக்கு மெட்டமைத்துக் கொண்டுபோனார்கள். நானும் உடன் போனேன். பாதியில் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

“டீச்சரம்மா, பயிரு கருகிக் கெடக்கு. இந்த வரியில அழுதுட்டு அடுத்த வரியிலயே துதின்னு எப்பிடிப் பாடுதது? வாய் வர மாட்டேங்கு” என்றார் ஒரு பெண்.

“அப்ப என்ன செய்யலாம்னு சொல்லுதிய?” என்று அக்கா கேட்டார்கள்.

“கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். மனசு வந்த பொறவு பாடுவோம்.”

அப்படியே இருந்தோம். யாரும் இருமக்கூட இல்லை. பிறகு அந்தப் பெண்ணே மெல்லத் துதியைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்கள்: “ஏலே, அழுகைக்கும் துதிக்கும் நடுவுல நிக்கணும்லா, வாசிச்சா அந்த எடம் தெரியல. பாடுனாத்தான் தெரியுது. ஆதாரம் கெடச்சிட்டு.”

ஆய்வேட்டை மறுபடி எழுதினார்கள். வாய்மொழித் தேர்வில் சங்கீதத்தை நிறுத்தாமல் ஒருமுறையும், அந்த இடத்தில் நிறுத்தி ஒருமுறையும் பாடினார்கள். திருப்பிக் கொடுத்த அதே பேராசிரியர், “இன்னொரு தடவை பாடுங்கம்மா” என்றாராம். ஆய்வேடு ஏற்கப்பட்டது. அக்கா அங்கேயே விரிவுரையாளர் ஆனார்கள். பாடிப் பார்க்காமல் எந்தச் சங்கீதத்துக்கும் விளக்கம் எழுத மாணவர்களை அவர்கள் விட்டதில்லை. சுருதி தவறினால் கோபம் வந்துவிடும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோய் முற்றிக் கோவில்பட்டி வீட்டில் படுத்திருந்தபோது, பார்க்க வந்த மாணவர்களிடம், “எனக்காக வகுப்ப நிறுத்திராதிய” என்றார்கள்.

சிகிச்சையளித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி குடும்பத்தாருக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும் எங்கள் நன்றி. அன்று காலை வகுப்பை முடித்துவிட்டே வந்து, கல்லறைத் தோட்டம் வரை சுருதி பிசகாமல் பாடியபடி அக்காவைச் சுமந்து சென்ற மாணவ மாணவியருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது என்று எனக்குத் தெரியவில்லை.