திரும்பிப் பார்த்த கிளி

சித்தியின் கல்யாண ஜாக்கெட்டில் ஒரு கிளி போட எனக்கு அனுமதி கிடைத்தபோது தலைகால் புரியவில்லை. அப்போது நான் ஆறாம் வகுப்பு. அதுவரை பழைய தலையணை உறைகளில்தான் என் கைவரிசையெல்லாம். பட்டுத் துணியில் என் ஊசி இறங்கியதே கிடையாது.

மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா ஆரி வேலை செய்துவந்தாள். மரச்சட்டத்தில் துணியை விறைப்பாகக் கட்டி, நுனி வளைந்த ஊசியால் சங்கிலித் தையல் போட்டுப் பூவும் மயிலும் வரவழைக்கும் வேலை. ஊர்க் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் நேரத்துக்கு முடித்துக் கொடுத்துவிட்டு, சொந்தத் தங்கையின் ஜாக்கெட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. கழுத்தும் வலக் கைக் கிளியும் முடிந்திருந்தன, இடக் கைக் கிளி பாக்கி. ஜரிகை நூல் வாங்கத் தென்காசிக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டியபடியே சொன்னாள்:

“ஏட்டி, அந்தக் கிளிய நீ போடுதியா? ஷீட்டத் திருப்பி வச்சு அச்செடு.”

அதற்குள் நான் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தாயிற்று. இரண்டாவது வாக்கியத்தை யார் கேட்டார்கள்?

ஷீட் என்பது கிளியை வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்ட காகிதம். துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் அடியில் கிளி பதிந்துவிடும். அம்மாவின் கிளி எப்படி இருந்ததோ அப்படியே வைத்துத் தேய்த்தேன். அலகு வலப்பக்கம், வால் இடப்பக்கம். மூன்று நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு அதே வேலை. முடித்துப் பார்த்தால் இரண்டு கிளியும் அச்சு அசல் ஒன்றுபோல! அம்மா தடவிப் பார்த்து, “என்னைய விட நெருக்கமாப் போட்டிருக்கா” என்று சித்தியிடம் பெருமைப்பட்டாள். அவசரத்தில் அவளும் தையலைத்தான் பார்த்தாள், கிளியைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஜாக்கெட் தைத்து வந்தது. சித்தி போட்டுப் பார்த்தாள். வலக் கைக் கிளி முன்னால் பார்த்தது. என் கிளி முதுகுப் பக்கம் பார்த்தது. ஜோடி என்றால் ஒன்றைப் போலவே இன்னொன்று என்று நினைத்திருந்தேன். இரண்டு கையும் எதிரெதிர் என்பது ஜாக்கெட் உடம்பில் ஏறிய பிறகுதான் உறைத்தது. இன்றுவரை ஷீட்டை இரண்டு தரம் பார்க்காமல் நான் பொடி தேய்ப்பதில்லை.

“திருப்பி வைன்னு சொன்னேம்லாட்டி!”

அம்மா கத்தரியை எடுத்தாள். முடிச்சை வெட்டி நுனியை இழுத்தால் மூன்று நாள் வேலை மூன்று நிமிஷத்தில் உருவிக்கொண்டு வந்துவிடும். ஊசித் துளைகள் மட்டும் பட்டில் அப்படியே நிற்கும். 

சித்தி இடக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“எக்கா, விடு. ஒண்ணு போற வீட்டப் பாக்கட்டும். ஒண்ணு இங்கன பாக்கட்டும்.”

அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். நான் செய்தது தப்பு என்பதே எனக்கு மறந்துபோயிற்று. மறுநாள் இலஞ்சி கோயிலில் வந்தவர் போனவரிடமெல்லாம், “இடக் கைக் கிளி நான் போட்டது” என்று சொல்லித் திரிந்தேன். மாப்பிள்ளையையும் விடவில்லை. பாவம், மாலையும் கழுத்துமாகத் தலையாட்டினார்.

சாயங்காலம் அவர்களை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை ஊரான சுரண்டைக்குக் கார் கிளம்பியது. சித்தி இடப்பக்க ஜன்னலோரம். சாரல் அடித்தும் கண்ணாடியை ஏற்றாமல் முழங்கையை வெளியே வைத்திருந்தாள். ஒரு தடவைகூட அவள் திரும்பவில்லை. என் கிளி மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டு போனது.

“எம்மா, என் கிளி நம்மளப் பாக்குது!” என்று தெருமுனை வரைக்கும் குதித்துக்கொண்டே ஓடிக் கையாட்டினேன்.

திரும்பி வந்தால், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கிளி விஷயம் இன்னும் அவள் மனதை விட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் கையைப் பிடித்து, “அடுத்த தடவ கண்டிப்பா ஷீட்டத் திருப்பி வைப்பேம்மா” என்று சத்தியம் செய்தேன்.

அம்மா இன்னும் அதிகமாக அழுதாள்.