நான்கு கல் மேல் ஒரு கொட்டகை

மலாயாவில், பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். கொல்லையில் நான் கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தேன். மண்வெட்டியும் கடப்பாரையும் மழையில் கிடந்தன. மண்வெட்டிப் பிடியைக் கறையான் அரித்தது. எனக்கு ஒரு கொட்டகை வேண்டும் என்றேன். அவர் உடனே சிமெண்டுத் தரை என்றார். செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டுமாம். அனுமதி கேட்கப் போனவர் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். தோட்டத்து மண்ணில் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டாராம். துரை சொன்னால் அவருக்கு வேதவாக்கு. எனக்கு வெறும் வாக்குத்தான்.

கொல்லைக்குப் பின்னால் ஒரு கால்வாய். தாண்டினால் கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமம். அங்கே நான் மாச்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மாளின் வீடு தட்டைக் கற்களின் மேல் மரக்கால்களை நிறுத்திக் கட்டியது. குழியே கிடையாது. கறையான் ஏறினாலும் கல்லிலேயே கண்ணில் பட்டுவிடும். அதையே பிடித்துக்கொண்டேன். நான்கு கல், நான்கு கால், அத்தாப்பு ஓலைக் கூரை என்று கொட்டகையைக் கட்டி முடித்தேன். குழிதான் தோண்டவில்லையே, துரை என்ன சொல்லப்போகிறார் என்றேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

துரை சொன்னார். மறுநாள் காலை அது தோட்டத்து மண்ணில் இருக்கக் கூடாது என்றார். பிரித்துப் போட்டால் இன்னொன்று கட்ட வீட்டுக்காரர் ஜென்மத்துக்கும் சம்மதிக்கமாட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாச்சிக்கிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்தார். "ஆங்காட் சாஜா" என்றார். தூக்கிக்கொண்டு போனால் ஆயிற்று என்று அர்த்தம். அவர்கள் வீட்டையே அப்படித் தூக்கி இடம் மாற்றுகிறவர்கள். சாயங்காலம் கம்பத்து ஆண்கள் வந்து, கால்களில் மூங்கில் கட்டி, கொட்டகையைத் தோளில் ஏற்றிக் கால்வாயைக் கடந்து மாச்சிக் நிலத்தில் வைத்தார்கள். என் சேவல்களை அவர்கள் மார்க்க முறைப்படி அவர்களே அறுத்துக் கொடுக்க, நான் குழம்பு வைத்துப் போட்டேன்.

காலையில் துரை வெறுங்கொல்லையைப் பார்த்தார். பிறகு அக்கரையைப் பார்த்தார். அது யாருடையது என்று கேட்டார். துரையிடம் பொய் சொல்லத் தெரியாதவர் என் வீட்டுக்காரர். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அது மலாய்க்காரம்மா நெலத்துல இருக்குதுங்க, தொரை" என்றார்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. துரை போய்விட்டார். எப்போதும் துரை பக்கமே சாய்கிற மனுஷர் அன்றைக்குத்தான் என் பக்கம் சாய்ந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மத்தியானம் அவர் சோற்றுக்கு அடியில் இரண்டு முட்டையை மறைத்து வைத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இன்னொன்று இருக்கிறதா என்றுதான் கேட்டார்.