எருமப்பட்டி வளைவில் நிற்கும் லாரிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டிக்குப் போய்வந்தேன். கோயிலுக்கோ ஏரிக்கோ இல்லை. மூன்று வருடமாக ஃபோனில் நான் லாரி ஓட்டும் சாலையை நேரில் பார்க்கப் போனேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் நண்பன் ஆரோக்கியம், கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஓர் ஆன்லைன் லாரி விளையாட்டை நடத்துகிறான். சேலம், நாமக்கல் சாலைகள் அச்சு அசலாக அதில் உண்டு. யாரும் நுழையலாம், இஷ்டப்பட்ட பக்கம் ஓட்டலாம். எதிரே வரும் லாரியிலும் எங்கோ இருக்கும் நிஜ ஆள்தான். லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர்களும் போர்வெல் போடும் ரிக் வண்டிப் பையன்களும்கூட இதைத்தான் விளையாடுகிறார்கள்.

"மாசம் ஒண்ணு புதுசா வைக்கலைன்னா ஆளுங்க போயிடுவாங்கடா" என்பான். அப்படி ஒரு மாதம் எருமப்பட்டி தாண்டி ஒரு வளைவில் மஞ்சள் பூசிய கல் ஒன்றை வைத்தான். அங்கே நிறுத்தி இரண்டு ஹாரன் அடிக்காவிட்டால் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் நின்றுவிடும். பிறகு, நிஜ வளைவிலும் லாரிகள் நிற்பதாகப் பேச்சு வந்தது. போய்ப் பார்க்கப் பயந்துகொண்டு என்னை அனுப்பினான்.

காலை ஏழு மணிக்கு சேலத்திலிருந்து பைக்கில் கிளம்பினேன். நாமக்கல்லில் இட்லி, ஐம்பது ரூபாய். போக மட்டும் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர், பெட்ரோல் இருநூறு ரூபாய்க்குள். எருமப்பட்டி தாண்டியதும் ஒரு சங்கடம். அதற்கு முன் வந்தே இராத சாலையில், வேகத்தடை தெரியும் முன்பே என் கை பிரேக்கைப் பிடித்தது.

வளைவில் கல் இருந்தது. மஞ்சள் இன்னும் காயவில்லை. சாலையில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். சுற்றிலும் வாடிய குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளித் தோட்டம், ஒரு இலைகூட அசையவில்லை.

"ஏனுங்க, நீங்களும் ஹாரன் அடிக்க வந்தீங்களா?"

கேட்டவர் அந்தக் காட்டின் சொந்தக்காரர் பழனிசாமி. நிலத்தடி நீரோட்டம் பார்த்தவர் சரியாக அந்தக் கல் இருக்கும் இடத்தில்தான் போர் போடச் சொல்லியிருக்கிறார். "ரெண்டு ரிக் வந்துச்சுங்க. கல்லப் பாத்ததும் திருப்பீட்டுப் போயிட்டாங்க. இங்க ஓட்டை போட்டா வண்டி நின்னுருமாமுங்க. எங்க பாட்டன் காலத்துலயும் இல்லாத சாமிங்க இது. கெழங்கு பூராங் காயுது."

"யாரு வெச்சாங்க?"

"தெரியலீங்க. ஒருநா விடிஞ்சு வந்தா இருந்துச்சு."

"நீங்களே எடுத்துப் போட்டுடலாமே?"

"எடுத்தா என்னாகும்னு ஆருங்க சொல்றது? நீங்க எடுங்களேன்."

நான் கையை நீட்டவில்லை. ஆரோக்கியத்துக்கு ஃபோன் போட்டு, விளையாட்டிலிருந்து கல்லையும் அந்த எஞ்சின் விவகாரத்தையும் எடுத்துவிடு என்றேன்.

"எஞ்சின் நிக்கிறத வெச்ச மாசமே எடுத்துட்டேன்டா. ஆளுங்க கத்துனாங்க. அதுக்கப்புறமும் அவங்களாத்தான் நிறுத்துறாங்க."

கல்லை அப்போதே எடுத்தான். என் ஃபோனில் வளைவு மொட்டையானது. பழனிசாமியும் குனிந்து பார்த்தார். திரையில் ஒரு லாரி வந்தது, வேகம் குறைந்தது, வெறும் மண்ணுக்கு முன்னால் நின்றது. இரண்டு ஹாரன். அதன் பின்னால் இன்னொன்று. அந்தச் சத்தம் என் கையிலிருந்து காடு முழுக்கக் கேட்டது. பழனிசாமி செருப்பைக் கழற்றினார்.

ஆரோக்கியம் விளையாட்டில் வைக்கும் புதுப் பாலமும் புது லாரியும் மாதம் திரும்புவதற்குள் பழசாகிவிடும். ஆடுகிறவர்கள் தாங்களாகப் பிடித்துக்கொண்டது மட்டும் சலிப்பதில்லை. விளையாட்டு வருடக்கணக்கில் உயிரோடு இருப்பது அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். நினைக்கவே பயமாகவும் இருக்கிறது.

அடுத்த வாரம் பழனிசாமி கூப்பிட்டார். "தம்பி, அந்தக் கல்ல உள்ளயே திருப்பி வெக்கச் சொல்லுங்க. அங்க இல்லீன்னு எல்லாரும் இங்க வாராங்க." ஆரோக்கியம் அன்றே வைத்துவிட்டான்.

போகிறவர்களுக்கு: நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டிக்கு பஸ் உண்டு. தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் நிழல் குறைவு. அந்த வளைவைத் தேடாதீர்கள். கண்ணில் பட்டாலும் தயவுசெய்து நிற்காதீர்கள். தூரத்து ஊரிலிருந்து, விவரம் தெரியாத ஆட்களாகப் பார்த்து பழனிசாமி நேற்று மூன்றாவது ரிக்கை வரவழைத்தார். வளைவில் நிறுத்தி இரண்டு ஹாரன் அடித்தார்களாம். போர் போடாமல் அப்படியே போய்விட்டார்களாம்.