ஒழுகட்டும் என்று போட்ட ஓட்டை

விடியும் முன்பே ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிறவள் நான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற நேரமில்லை. அதனால், தானாகவே தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும் தக்காளித் தொட்டி செய்தேன். அடி வாளியில் தண்ணீர், மேல் வாளியில் மண், நடுவில் துணித் திரி. தண்ணீர் கூடினால் வழிந்துவிட அடி வாளியில் ஓர் ஓட்டையும் போட்டேன்.

பூவெடுத்த நேரத்தில் செடி துவண்டது. மேல் வாளியைத் தூக்கினால் ஒரே நாற்றம்! வேரெல்லாம் அழுகியிருந்தது.

"வாளி ஒழுகிட்டே இருந்துச்சு, நாந்தான் ரோட்டுத் தார வச்சு ஓட்டைய அடச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

பக்கத்து வீட்டுச் செல்வி ஓடிவந்தாள். "நீங்க சோலிக்குப் போயிர்றீக. செடி காஞ்சுருமேன்னு தெனமும் நாந்தான் ரெண்டு செம்பு ஊத்துறேன்க்கா."

நல்லது செய்தவர்களை எப்படித் திட்டுவது? ஓட்டை எதற்கென்று யாரிடமும் சொல்லாதது என் தப்புதானே!

இப்போது புதுத் தொட்டியின் ஓட்டையைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் வட்டம் போட்டு, வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஒரு வாழைக்கன்று நட்டு, ஊற்றுவதை அதற்கு ஊற்றும்படி செல்வியிடம் சொன்னேன்.

ஊற்றுகிறாள். ஆனால் தினமும் கேட்கிறாள்: "தக்காளி மட்டும் என்னக்கா பாவம் பண்ணுச்சு?"