மூன்று ஏக்கர் வெட்டவெளி

எழுபதுகளின் கடைசியில் நான் அரியலூர்ப் பக்கம் சர்வேயராக இருந்தேன். சோம்பேறி சர்வேயர் என்று ஊரில் பெயர், பொய்யில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்க முதலாளி ஒருவர் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருந்தார். தன் விமானியோடு அதில் ஏறிப் போய், மேலிருந்து தன் நிலங்களின் எல்லையைக் குறித்து வரச் சொன்னதும் பவுடர் பூசிக்கொண்டு ஓடினேன். ஏழைபாழைகள் கூப்பிட்டால் மட்டும் எனக்கு முட்டிவலி வந்துவிடும்.

தரையை விட்டு எழும்பி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. முன்னால் விசிறி அசையாமல் இருந்தது.

"திரும்பிப் போயிடலாம் சார்!" என்று கத்தினேன்.

"இவ்வளவு தாழ்வுல திருப்பினா விழுந்துருவோம்," என்றார் விமானி. "முன்னாடி எங்கயாச்சும் வெட்டவெளி இருக்கா, சொல்லுங்க."

தை மாதம். கீழே எங்கு பார்த்தாலும் ஆள் உயரச் சோளம். நீளமான ஒரு துண்டு நிலம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அது ஏன் மொட்டை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கூலிவேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு அரசாங்கம் கொடுத்த மூன்று ஏக்கர் நிலம். அளந்து கல் நடாமல் ஏர் இறங்கக்கூடாது என்று பக்கத்து நிலக்காரர் மறித்துவிட்டார். அளக்கச் சொல்லி அந்தம்மா கொடுத்த மனு எட்டு மாதமாக என் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அங்க சார், அங்க!"

கரிசல் தரையில் தடதடவென்று இறங்கினோம். ஒரு சக்கரம் பிய்ந்துபோய், ஓர் இறக்கை மண்ணைக் கிளறிக்கொண்டு, விமானம் வரப்போரம் நின்றது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்துச் சோளக்காட்டில் கதிர் அறுத்துக்கொண்டிருந்த அதே அம்மாதான் தண்ணீர்க் குடத்தோடு முதலில் ஓடிவந்தார். என்னை அடையாளம் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வரேன் வரேன்னீங்க. இப்புடியா சார் வருவீங்க?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இன்னைக்கே அளந்துடலாம்மா," என்றேன். ஆபீஸுக்குச் சைக்கிளில் ஆள் போய் வரைபடத்தையும் அளவுச் சங்கிலியையும் எடுத்துவந்தார்.

ஒரு முனையை நான் பிடித்தேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று சொல்லி மறுமுனையை விமானி வாங்கிக்கொண்டார். பக்கத்து நிலக்காரர் விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் எங்களை மறிக்கவே மறந்துபோனார். நான் முதல் கல்லுக்கு இடம் குறிக்கக் குனிந்தபோது அந்தம்மா விமானியை அதட்டினார்:

"நல்லா இழுத்துப் புடிங்க சார்! நீங்க தொய்ய விட்டா எங்க நெலந்தானே கொறையும்?"